மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சை

மார்பகப் பெருக்க அறுவைச் சிகிச்சை என்பது மார்பகத்தின் அளவைக் கூட்டுவதற்காக மார்பினுள் உள்வைப்புகளைப் பொருத்தும் மருத்துவ முறை ஆகும். புற்றுநோயால் மார்பகம் அகற்றப்பட்டவர்களுக்கு மார்பகத்தை மீளமைக்கவும் இவ்வுள்வைப்புகள் பயன்படுகின்றன. இவை வாழ்நாள் முழுவதும் நீடிப்பவை அல்ல. பொருத்திக்கொண்டவருக்குப் பின்னாளில் மறு அறுவை தேவைப்படலாம்.

வரலாறு

1895 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்னும் மருத்துவர், நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த கொழுப்புக் கட்டியை மார்பகத்தில் வைத்து அதனை மீளமைத்தார். சிலிக்கோன் கூழ் நிரப்பிய முதல் உள்வைப்பு 1962 இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகியோரால் பொருத்தப்பட்டது. பாதுகாப்புக் குறித்த ஐயங்களால் 1992 இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இவ்வகையைக் கட்டுப்படுத்தியது. 2006 இல் மீண்டும் அனுமதித்தது.

உள்வைப்பு வகைகள்

இரு முதன்மை வகைகளிலும் வெளியுறை சிலிக்கோனால் ஆனது. உள்ளே நிரப்பப்படும் பொருளே வேறுபடுகின்றது.

உப்புநீர் உள்வைப்பு: வெற்றுறையை உள்ளே வைத்தபின் நுண்ணுயிர் நீக்கிய உப்புநீரால் நிரப்பலாம் என்பதால் சிறிய கீறலே போதுமானது. உறை கிழிந்தால் மார்பகம் விரைவில் சுருங்கிவிடும். கசிந்த நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும்.

சிலிக்கோன் கூழ் உள்வைப்பு: தொடுவதற்கு இயற்கையான திசுவை ஒத்தது. ஆயினும் உறை கிழிந்தாலும் கூழ் பெரும்பாலும் அங்கேயே தங்குவதால் வெளியே அறிகுறி தெரியாமல் போகலாம். எனவே பொருத்திய 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் முறையும், பின்னர் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மீயொலி அல்லது எம். ஆர். ஐ. சோதனை செய்துகொள்ளுமாறு மேற்கூறிய நிர்வாகம் பரிந்துரைக்கின்றது.

வடிவத்தில் வட்டம், நீர்த்துளி என இரு வகைகள் உள்ளன. வட்ட உள்வைப்பு உள்ளே சுழன்றாலும் தோற்றம் மாறாது. நீர்த்துளி வடிவமானது சுழன்றால் மார்பகத்தின் வடிவம் கெடும்.

செய்முறை

அறுவை பொதுவாக முழு மயக்க நிலையில் செய்யப்படுகின்றது. மார்பகத்தின் அடிமடிப்பு, முலைக்காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பு, அக்குள் ஆகியவற்றுள் ஓரிடத்தில் கீறல் இடப்படும். அதன்வழி பால் சுரப்பிக்குப் பின்னாலோ மார்புத் தசைக்கு அடியிலோ ஒரு பை போன்ற இடைவெளி உருவாக்கப்பட்டு, அதனுள் உள்வைப்பு வைக்கப்படும். தசைக்கு அடியில் வைத்தால் விளிம்புகள் வெளியே தெரிவது குறையும். ஆனால் தொடக்கத்தில் வலி மிகும், தசை இயங்கும்போது மார்பகமும் அசையக்கூடும்.

சிக்கல்கள்

அயற்பொருளைச் சுற்றி உடல் வடுத்திசு உறை ஒன்றை அமைப்பது இயல்பு. அவ்வுறை இறுகிச் சுருங்கினால் மார்பகம் கடினமாகி வலிக்கும். தொற்று, குருதிக் கசிவு, உணர்ச்சிக் குறைவு ஆகியனவும் நேரலாம். உள்வைப்பு ஊடுகதிர்ப் படத்தில் மார்பகத் திசுவின் ஒரு பகுதியை மறைக்கும். ஆதலால் புற்றுநோய்ச் சோதனைக்குச் செல்பவர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளைச் சுற்றிய வடுத்திசுவில் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் தோன்றுவது கண்டறியப்பட்டது. இதனால் 2019 இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை உள்வைப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பிரான்சின் பிப் நிறுவனம் மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010 இல் வெளிப்பட்டது. அதன் நிறுவனர் 2013 இல் தண்டிக்கப்பட்டார்.

2021 முதல் அமெரிக்காவில், அறுவைக்கு முன் இடர்களைப் பட்டியலிட்டு நோயாளியிடம் விளக்கும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டுமே உள்வைப்புகளை விற்க முடியும்.