சிங்கப்பூர் கிழித்த கோடுகள்

வாள்முனையால் எல்லை வகுத்த மன்னர்களை வரலாறு அறியும். அளவுகோலாலும் எழுதுகோலாலும் எல்லை வகுத்தது வெள்ளையர் ஆட்சி. முன்னதில் குருதி உடனே கொட்டிற்று. பின்னதிலோ, நூறாண்டுக்கும் மேலான பின்னர்! சான்று கேட்கும் தோழர்கள் சிங்கப்பூரின் கதையைப் புரட்டிப் பார்க்கட்டும்.

1822-ஆம் ஆண்டு ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் நகரக் குழுவொன்றை அமைத்தார். ஆற்றின் தென்மேற்கே சீனர். ஆற்றின் மேற்புறம் சூலியர் எனப்பட்ட சோழமண்டலக் கரையினர். கம்போங் கிளாமில் சுல்தானும், அவரையடுத்து அரபியரும் பூகிசரும். சீனருக்குள்ளும் எம்மாநிலத்தார் என்று பார்த்தே இடமளிக்க வேண்டுமாம்! ஒழுங்கு நிலைக்கும், சச்சரவு குறையும் என்றனர். ஊரென்றும் சேரியென்றும் பிரித்து வைத்த நம்மவர்க்கு இந்த வாதம் புதிதன்று.

ஒழுங்கு நிலைத்ததா? 1964 ஜூலை 21 அன்று, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் மலாய்க்காரரும் சீனரும் மோதினர். 23 பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மோதல். மேலும் 13 உயிர்கள். தெருவமைப்பு ஒன்றே காரணம் என்று கூறமாட்டேன். மலேசியக் கூட்டமைப்பில் கட்சிகள் மூட்டிய பகைத்தீ பெரிது. ஆயினும், அடுத்த வீட்டாரை அறியாத மனத்தில்தான் வதந்தி விரைந்து வேர்விடும்.

1960-இல் தோன்றிய வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம், குடிசைகளை அகற்றி அடுக்குமாடிகளை எழுப்பிற்று. 1966-இல் வந்த நிலம் கையகப்படுத்தும் சட்டம் அதற்கு வலிமை சேர்த்தது. பழைய கம்போங்குகள் கரைந்தன. பல இனத்தார் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினர். ஆனால் 1971 முதல் வீட்டை மறுவிற்பனை செய்ய வழி பிறந்ததும், மக்கள் மெல்லத் தத்தம் இனத்தாரை நாடினர். பெடோக்கிலும் தெம்பனீசிலும் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என மீண்டும் திரளலாயினர். ராபிள்ஸ் கிழித்த கோட்டை, ஆணையிடுவார் இன்றியே மக்கள் தாமே கிழிக்கத் தொடங்கினர்!

தேசிய வளர்ச்சி அமைச்சர் தனபாலன் இதைக் கண்டார். 1989 மார்ச் 1 முதல் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் இனவாரியாக உச்சவரம்பு வந்தது. கட்டடம் ஒன்றில் சீனர் நூற்றுக்கு 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 13 என்பதே எல்லை. இந்தியர், பிறருக்கான வரம்பு 2010-இல் 15 ஆயிற்று. இன்று அந்நாட்டுக் குடிமக்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். எனவே இவ்விதி ஏட்டுச் சுரைக்காய் அன்று.

விலை கொடுப்பவர் யார்? அதையும் கேட்போம். ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கும் ஆற்றலுடையோரில் பெரும்பாலோர் சீனர். மிஞ்சிய சிலரிடம் குறைந்த விலைக்குத் தள்ள வேண்டிய நிலை. ஒற்றுமையின் செலவைச் சிறுபான்மையினரே மிகுதியாகச் சுமப்பது முறையா? இக்குறை நெடுங்காலம் பேசப்பட்ட பின், 2022-இல்தான் விற்க இயலாது தவிப்போரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. அதுவும் தக்க காரணமுள்ள சிலர்க்கு மட்டும். இனவாரி வரம்போ இன்னும் நீடிக்கிறது.