பழம்புடவையும் புதுப்பாவாடையும்

ஆடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நெசவையும் வாணிகத்தையும் கூறி அமைந்துவிடுகின்றனர். நெய்த துணி நையத் தொடங்கியபின் வீட்டுக்குள் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவர் மிகச் சிலரே. ஆலை நகரமாகிய பம்பாய்க்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வரலாறு சொந்த வரலாறேயாகும்.

கந்தலுக்கு ஒட்டுப் போடுதல் நம்மிடையே மிகப் பழைய வழக்கம். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் பரிசில் பெற்ற பொருநன் முதலில் உடுத்திருந்தது, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தலே. அதனை நீக்கி மெல்லிய புத்தாடை அளித்தான் மன்னன். சிலப்பதிகாரமோ புகார் நகரத்துத் தையற்காரரைத் துன்னகாரர் எனக் குறிக்கின்றது. எனினும் வேட்டியும் புடவையும் தைக்காத ஆடைகளே. உடலளவுக்கு வெட்டப்படாமையால், எத்தனை ஆண்டு உடுத்தினும் அவை முழுத்துணியாகவே கைக்குத் திரும்பி வருகின்றன. கோட்டுக்கும் கால்சட்டைக்கும் இச்சிறப்பு இல்லை.

இந்நகரில் இக்கலை கட்டாயமாயிற்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். ஆலைகள் படைகளுக்குத் துணி நெய்தன, கடைகளில் துணி அருகியது, விலை ஏறியது. 1943-இல் அரசு பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. 1948 தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. விலை மீறிப் போகவே அவ்வாண்டிலேயே மீண்டும் விதிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் 1941 முதல் 1949 வரை துணிப் பங்கீடு இருந்தது. அங்கே பழந்துணியைப் புதுக்கும் முறைகளை இல்லத்தரசிகளுக்குக் கற்பிக்க அரசே 1943-இல் சிறுநூல் வெளியிட்டது. நம் தாய்மாருக்கு நூல் எழுதித் தந்தவர் எவருமில்லை.

ஆயினும் அவர்கள் அறிந்திருந்தவை எளியவையல்ல. புடவை எல்லா இடத்திலும் ஒரே சீராக நைவதில்லை. குதிகால் உரசும் கீழோரம் முதலில் போகும். உட்காரும் இடம் அடுத்துப் போகும். உள்ளே செருகிய தலைப்பு நெடுநாள் புதிதாகவே இருக்கும். ஆகவே கத்தரிக்கோலை எடுக்குமுன் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை எங்கே மெலிந்துள்ளது என்று பார்ப்பார்கள். பாட்டியின் ஒன்பது கஜப் புடவையில் ஆறு கஜம் மருமகளுக்கு. எஞ்சிய மூன்று கஜத்தில் பேத்திக்குப் பாவாடை. பாவாடையின் கீழே இரண்டு மூன்று மடிப்புகள் வைத்துத் தைத்து, குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் சாயம் வெளுக்காத கோடு ஒன்று தெரியும். அதன்மேல் ஒரு நாடாவை வைத்துத் தைத்து அலங்காரமாக்கிவிடுவதில்தான் உண்மையான திறமை இருந்தது! கணவரின் சட்டைக் காலர் நைந்தால் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைப்பார்கள். முழுக்கால்சட்டை மகனுக்கு அரைக்கால்சட்டையாகும். மென்மையாய்ப் போன வேட்டி பிறக்கப்போகும் குழந்தைக்கு.

நம் அண்டை அயலாரான மராத்தியப் பெண்களும் இதில் வல்லவர்கள். நைந்த பகுதியை வெட்டி நீக்கி நல்ல துண்டுகளை இணைக்கும் தையலைத் ‘தாண்ட்’ என்பர். பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் ‘கோதடி’ என்னும் போர்வை செய்வர். கோதடி தன் ஒட்டுகளை ஒளிப்பதில்லை. நம் வீடுகளிலோ நிலைமை வேறு. ஆண்டாப் ஹில் அரசுக் குடியிருப்புகள் போன்ற இடங்களில், ஒரு சம்பளத்தில் வாழ்ந்த குமாஸ்தா குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் எல்லோரோடும் சமமாய் உட்கார வேண்டும். அக்காளின் துணி தங்கைக்கு வந்ததென்று எவருக்கும் தெரியலாகாது. தெரியாதிருப்பதே அக்கலையின் வெற்றி. அதனாலேயே அது எந்த வரலாற்றிலும் இடம்பெறவில்லை என்று கருதுகிறோம்.

எதற்கும் உதவாத துணி பாத்திரக்காரிக்குப் போயிற்று. மராத்தியில் ‘போஹாரீண்’ எனப்படும் இப்பெண்கள் கூடை நிறைய எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து வாயிலில் அமர்வர். ஒரு தூக்குக்கு எத்தனை புடவை என்னும் பேரம் அரைநாள் நடக்கும். அவர்களும் அத்துணியைச் செப்பனிட்டு விற்றே பிழைத்தனர்; நம்மைவிடக் கூரிய கண் அவர்களுக்கு.

பின்னர் டெரிலினும் நைலானும் வந்தன. அவை எளிதில் கிழியவில்லை, வியர்வையையும் உறிஞ்சவில்லை. வெட்டிக் குழந்தைக்குச் சுற்ற உதவாத துணி வீட்டில் குவியலாயிற்று. 1982 சனவரி 18-இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப்பின் கிரண்காவின் ஆலைகள் பலவும் ஓய்ந்தன. ஆயத்த ஆடை மலிந்தது. தைக்கும் கூலி சட்டையின் விலையை நெருங்கியது.

பட்டுப்புடவை மட்டும் இன்றும் பீரோவில் உள்ளது. பட்டு மடிப்பிலேதான் முதலில் இறும்; ஆண்டுக்கு இருமுறையேனும் மடிப்பை மாற்றி வைத்தல் நலம். இற்றபின்னும் உடற்பகுதியில் ஒரு சிறுமிக்குப் பாவாடைக்குத் துணி தேறும். பழம்பட்டு வாங்குவோரிடம் கொடுத்தால், உருக்கி வெள்ளி எடுக்கும் ஜரிகைக்கே அவர்கள் விலை தருகின்றனர். பட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.