கருக்குழாய் அடைப்புச் சோதனையின் வரலாறு

பெண்களின் கருத்தரிப்பின்மைக்குக் கருக்குழாய் அடைப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை உறுதிசெய்ய வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. நியூயார்க் மருத்துவர் ஐசிடோர் கிளிண்டன் ரூபின் 1919இல் கருப்பைவாய் வழியே ஆக்சிசனைச் செலுத்திச் சோதித்தார்; பின்னர் கரியமில வாயு பயன்பட்டது. குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் புகுந்து உதரவிதானத்தின் அடியில் சேரும். பெண் எழுந்து உட்கார்ந்ததும் தோள் வலிக்கும். அந்த வலிதான் நற்செய்தி! ஆனால் திறந்திருப்பது எந்தக் குழாய், அடைப்பு எந்த இடத்தில் என்பதை இச்சோதனை சொல்லாது.

எக்ஸ்-கதிர்ப் படம் அதைக் காட்டியது. எனினும் பிள்ளை வேண்டி வந்த பெண்ணின் சூலகத்தின் மீதே கதிர்வீச்சு பட்டது.

மீயொலியில் அந்தக் குறை இல்லை. ஆனால் இயல்பான கருக்குழாய் அதில் எளிதில் தெரியாது. நுண்குமிழ்கள் ஒலியை வலுவாக எதிரொலிக்கும். ஆகவே காலக்டோசுத் துகள்களோடு நுண்குமிழ்கள் கலந்த நீர்மத்தைச் செலுத்தினால், அது குழாயில் ஓடுவது திரையில் வெண்கோடாகத் தெரியும். டைச்செர்ட் குழுவினர் இம்முறையைப் பழைய சோதனைகளுடன் ஒப்பிட்டு 1989இல் வெளியிட்டனர். 2010களில் நெதர்லாந்து மருத்துவர்கள் நுரையைப் பயன்படுத்தினர்.

சோதனையின்போது குழாய்த் தசை இறுகினாலும் அடைப்புப் போலவே தோன்றும். அதனால் ‘அடைப்பு’ என்ற முடிவை வேறொரு சோதனையால் உறுதிசெய்வது வழக்கம்.