இருளும் ஒளியும்: ஒரு நற்செய்திப் பாடலின் வரலாறு

அமெரிக்க நாட்டுப்புற இசையாகிய 'கன்ட்ரி' இசை என்றதும், திருச்சபைக்குப் புறம்பான கேளிக்கைப் பாடல்களே பலருக்கு நினைவில் தோன்றும். ஆயினும் அம்மரபின் புகழ்பெற்ற பாடல்கள் சில ஆலயத்தின் பாட்டுப் புத்தகத்திலிருந்தே புறப்பட்டவை. 'கீப் ஆன் த சன்னி சைட்' என்னும் பாடல் அவற்றுள் ஒன்று. வெயில் விழும் பக்கமாகவே நடந்து செல் என்பது இத்தலைப்பின் பொருள். துள்ளல் நடையுடைய இவ்வெளிய பாடலின் வரலாறு, கிறிஸ்தவ நம்பிக்கையின் தன்மையைப் பற்றிச் சிந்திக்க நம்மைத் தூண்டுகின்றது.

1. பாடலின் தோற்றம்

இப்பாடலை 1899ஆம் ஆண்டில் இயற்றியவர் ஏடா பிளெங்கார்ன் அம்மையார். இவர் 1858இல் கனடா நாட்டில் பிறந்து, பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறியவர். பாடலுக்கு இசையமைத்தவர் ஜே. ஹவர்ட் என்ட்விசில். அம்மையாரின் சகோதரர் மகன் ஒருவர் நடக்க இயலாதவர். சக்கர நாற்காலியில் தம்மை வெளியே அழைத்துச் செல்லும்போதெல்லாம், தெருவின் வெயில் விழும் பக்கமாகவே தள்ளிச் செல்லும்படி அவர் கேட்பாராம். அச்சொற்களே பாடலுக்கு வித்தாயின என்று வழிவழியாகக் கூறப்படுகின்றது.

இவ்விடத்தில் நம் நாட்டு வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வெயிலின் கொடுமையை அறிந்த நமக்கு நிழலே ஆறுதல். கர்த்தரை நிழலாகப் பாடும் 121ஆம் சங்கீதம் நம் உள்ளத்தை எளிதில் தொடுவதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர் மிகுந்த வடநாட்டிலோ வெயிலே ஆறுதல். அவரையே சூரியன் என்று போற்றும் 84ஆம் சங்கீதத்தின் வழியாக நாம் இப்பாடலை அணுகலாம்.

பாடலின் மூன்று சரணங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதற்சரணம் வாழ்வில் இருளும் துன்பமும் உண்டென ஒப்புக்கொண்டு, ஒளியும் உண்டென்கிறது. இரண்டாவது, நாம் போற்றிய ஆசைகளை நொறுக்கும் புயலைக் குறிப்பிட்டு, அது கடந்துபோகும் என்கிறது. மூன்றாவது சரணத்திலேதான் இரட்சகர் குறிப்பிடப்படுகிறார். யாவரையும் காப்பவராகிய அவரை நம்பும்படி அது அழைக்கின்றது. திரும்பத் திரும்பப் பாடப்படும் பல்லவியிலோ அவர் பெயர் இல்லை.

2. மலைநாட்டுக் குடும்பம்

வர்ஜீனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் 'ஏழைப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் 'பூர் வேலி' என்ற இடம் உள்ளது. அங்கு வாழ்ந்த ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, உறவினர் மேபெல் ஆகிய மூவரும் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் முதன்முறையாக இசைத்தட்டுக்குப் பாடினர். ஏ. பி. கார்ட்டர் மேற்கூறிய பாடலை இசையாசிரியராகிய தம் மாமாவிடமிருந்து அறிந்திருந்தார். 1928 மே மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் விக்டர் நிறுவனத்திற்காக மூவரும் அதனைப் பதிவு செய்தனர். சாரா முன்னின்று பாட, மேபெல் கித்தாரின் தடித்த தந்திகளில் மெட்டையும் மற்றத் தந்திகளில் தாளத்தையும் ஒருங்கே வாசித்தார்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1929 அக்டோபரில், பங்குச் சந்தை வீழ்ச்சியுற்றது. வேலையும் நிலமும் இழந்த மக்களின் நடுவே இப்பாடல் பரவியது. 1938 முதல் மெக்சிக்கோ எல்லையில் இயங்கிய எக்ஸ்.இ.ஆர்.ஏ. வானொலி நிலையத்தில் கார்ட்டர் குடும்பத்தினர் பாடலாயினர். அமெரிக்க நிலையங்களுக்கு 50 கிலோவாட் ஆற்றலே உச்சவரம்பாயிருக்க, இந்நிலையம் 500 கிலோவாட் ஆற்றலுடன் ஒலிபரப்பியது. அங்கு இப்பாடலே அவர்களுடைய அடையாளப் பாடலாயிற்று. ஆலயத்தில் பிறந்த பாடல், மருந்து விற்பனை விளம்பரங்களின் நடுவே நாள்தோறும் ஒலித்தது!

3. மறைந்த பெயரும் மறைந்த துயரமும்

இப்பயணத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. பிற்கால இசைத்தட்டுகள் பலவற்றில் ஆசிரியர் பெயராக ஏ. பி. கார்ட்டரின் பெயரே காணப்படுகின்றது. அவர் பாடலைக் காத்துப் பரப்பியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இயற்றியவர் அல்லர். இறைமக்களுக்குப் பாட்டளித்த ஒரு பெண்மணியின் பெயர் இவ்வாறு மங்கிப்போனது. இது சிறிய செய்தியன்று. வழிபாட்டில் பாடலை அறிவிக்கும்போது இயற்றியவரையும் கூறுவது நன்றியறிதலின் கடமையாகும்.

மகிழ்ச்சியைப் பாடியவர்களின் இல்லத்திலும் இருள் இருந்தது. சாராவும் ஏ. பி.யும் 1930களில் பிரிந்து மணமுறிவு பெற்றனர். 1939இல் சாரா மறுமணம் செய்துகொண்டார். பிரிந்த பின்னரும் இருவரும் ஒரே ஒலிவாங்கியின் முன்நின்று இப்பாடலைப் பாடினர். 1943இல் குழு கலைந்தது. 1960இல் மறைந்த ஏ. பி. கார்ட்டர் மெதடிஸ்ட் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் இப்பாடலின் தலைப்பு பொறிக்கப்பட்டுள்ளது. 2000ஆம் ஆண்டில் வெளியான 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' திரைப்படத்தின் வழியாக இப்பாடல் மீண்டும் ஒரு புதிய தலைமுறையைச் சென்றடைந்தது.

4. நாம் கற்பது

துன்பத்தைக் காண மறுக்கும் மேலோட்டமான மகிழ்ச்சியே இப்பாடல் என்று சிலர் கருதக்கூடும். பல்லவியை மட்டும் பாடினால் அக்குற்றச்சாட்டு பொருந்தும். அப்போது அது வெறும் மனத்தெம்பு ஊட்டும் பாட்டாகி, எப்பொருளையும் விற்க உதவும். மூன்று சரணங்களையும் பாடுவோர்க்கோ அவ்வாறன்று. இருளை ஒப்புக்கொள்ளுதல், புயலைத் தாங்குதல், இரட்சகரை நம்புதல் என்னும் வரிசை அதில் உண்டு. உபத்திரவத்திலிருந்து பொறுமையும், பொறுமையிலிருந்து நற்சான்றும், அதிலிருந்து நம்பிக்கையும் பிறக்கும் என்று பவுலடியார் உரோமருக்கு எழுதிய ஒழுங்கும் (5:3, 4) இதனை ஒத்ததே.

நேரமின்மையால் சரணங்களை விட்டுவிட்டுப் பல்லவியோடு நிறுத்தும் வழக்கம் நம் சபைகளிலும் உண்டு. விடப்படுவது எது என்பதைப் போதகர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயுற்றோர் இல்லத்திலும் இழவு வீட்டிலும் மகிழ்ச்சியாயிருங்கள் என்று மட்டும் கூறுவது நற்செய்தியாகாது. சக்கர நாற்காலியிலிருந்து வெயிலைக் கேட்டவருக்குத் தம் நிலை தெரியாமலில்லை. அதனை அறிந்தே ஒளியை நாடினார். அந்நாற்காலியைத் தள்ளிச் செல்ல ஒருவர் அவருடன் இருந்ததையும் நாம் மறத்தலாகாது.