தடவுவதா, தொட்டுக்கொள்வதா?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இறைச்சியை வாட்டுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. உப்பும் மிளகும் சேர்ந்த உலர்பொடியைத் தடவி வாட்டுவதோடு நிறுத்துவதா, காடியும் தக்காளியும் கலந்த சாஸைப் பூசியும் தொட்டும் உண்பதா என்பதே அது. நாவின் விருப்பம் பற்றிய சிறு பூசல் என்று நாம் இதைக் கடந்துவிடக்கூடும். எந்த ஊர் எதனை ஏன் தேர்ந்தது என்று தேடப் புகுந்தாலோ குடியேற்றம், கசாப்புத் தொழில், அடிமைமுறை எனப் பாதை நீண்டு, உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் நம்மைக் கொண்டு நிறுத்துகிறது.

பார்பிக்யூ என்ற சொல் கரீபியத் தீவுகளில் பிறந்தது. தைனோ மக்கள் கழிகளைக் கட்டி அமைத்த பரணைக் குறித்த சொல்லை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் 'பார்பகோவா' என எழுதிவைத்தனர். நெருப்புக்கு விலகிய அப்பரணின்மேல் இறைச்சி மெல்ல வெந்தது. இந்த 'மெல்ல' என்பதே முதன்மையானது. கடுந்தழலில் சில நிமிடங்களில் சுட்டெடுப்பது வேறு. ஏறத்தாழ 110 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாட்டுவது வேறு. தடவிய உப்பு இறைச்சியின் நீரை வெளியே இழுத்து, அந்நீரிலேயே கரைந்து, மீண்டும் உள்ளிறங்குகிறது. மிளகு முதலியன புகையோடு சேர்ந்து கரிய மேலோடாக இறுகுகின்றன. சர்க்கரை மிகுந்த சாஸோ நேர்நெருப்பில் கருகிக் கசந்துவிடும். ஆகவே அதனைக் கடைசி அரைமணியில் பூசுவதே வழக்கம்.

இனி ஊர்களைப் பார்ப்போம். வட கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றியை வாட்டுவர். காடியும் மிளகாயும் கலந்த நீர்த்த சாஸே அதற்குத் துணை, தக்காளிக்கு அங்கே இடமில்லை. அதே மாநிலத்தின் லெக்சிங்டன் வட்டாரத்தில் பன்றியின் தோள்பகுதியை எடுத்துக்கொண்டு, காடியில் சிறிது கெச்சப் சேர்ப்பர். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகுச் சாஸ் மஞ்சள் நிறத்தில் வந்து நிற்கும். 18ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர் விட்டுச்சென்ற சுவை அது என்பர்.

இந்தச் சாஸ் தொடக்கத்தில் மேசைக்கு வந்த தொடுகறி அன்று. குழியருகே இரவெல்லாம் பயன்பட்ட வேலைப்பொருள். அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற முதியோரின் நினைவுகளை 1930களில் அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் பதிவு செய்தது. அவர்களுள் ஒருவரான தென் கரோலினாவின் வெஸ்லி ஜோன்ஸ், தாம் இரவு முழுவதும் விழித்திருந்து இறைச்சி வாட்டியதை விவரிக்கிறார். காடி, கருமிளகு, சிவப்பு மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு ஆகியன சேர்ந்த கலவை; நீண்ட கோலின் நுனியில் சுற்றிய துணி; அத்துணியால் விடியும்வரை ஒற்றி ஒற்றிப் பூசுதல். பொடியின் மசாலையும் சாஸின் ஈரமும் அவர் கையில் ஒன்றாகவே இருந்தன. பிரிந்து நின்று வழக்காடியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

டெக்சாஸின் நடுப்பகுதியில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய இறைச்சியைப் புகையூட்டி, தாளில் சுற்றி விற்றனர். வாங்கியவர்கள் நின்றபடியே தின்றனர். தட்டு இல்லாத இடத்தில் சாஸுக்கு என்ன வேலை? உப்பும் மிளகும் போதுமானவை ஆயின. லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய க்ரூஸ் மார்க்கெட், சாஸ் தருவதில்லை என்பதை நெடுங்காலம் ஒரு கொள்கையாகவே காத்துவந்தது. கொழுப்பு நிறைந்த மாட்டு நெஞ்சுக்கறி அந்தக் கொள்கைக்குத் துணைநின்றது.

மெம்ஃபிஸ் நகரில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த சார்லி வெர்கோஸ் 1948இல் ரெண்டெவூ என்னும் உணவகத்தைத் தொடங்கினார். பன்றி விலாவைச் சாஸின்றி மசாலாப் பொடியோடு பரிமாறும் வழக்கம் அதனால் பெரும்புகழ் பெற்றது. அந்நகரின் அருகே பிறந்த கறுப்பினத்தவரான ஹென்றி பெரி, 1908 வாக்கில் கன்சாஸ் சிட்டிக்கு இத்தொழிலைக் கொண்டுசென்று, வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்றார். அவருடைய சாஸ் கடுங்காரம் கொண்டது. அவர் வழிவந்த கடையை 1946இல் ஏற்ற ஆர்தர் பிரையன்ட் அக்காரத்தைத் தணித்தார். பின்னர் 1977இல் ரிச் டேவிஸ் என்ற மருத்துவர் உருவாக்கிய இனிப்பான தக்காளிச் சாஸ் புட்டியில் அடைபட்டு நாடெங்கும் பரவியது. உலகின் பிற பகுதியினர் இன்று 'பார்பிக்யூ சாஸ்' என்று அறிவது பெரும்பாலும் இக்கடைசிச் சுவையையே.

இனிக் கசப்புக்கு வருவோம். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஆலீஸ் பார்பிக்யூ என்ற உணவகம் இருந்தது. 220 பேர் அமர்ந்து உண்ணலாம். பணியாளர் 36 பேருள் மூன்றில் இரு பங்கினர் கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே அமர இயலாது. பொட்டலமாக வாங்கிச் செல்லவேண்டும். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, அது தம்மைக் கட்டுப்படுத்தாது என்று உரிமையாளர்கள் வழக்காடினர். அவ்வுணவகம் ஓராண்டில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப்பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. எனவே அது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைச் சார்ந்தது என்று கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. மனிதரின் மாண்புக்கு அங்கே இறைச்சிக் கணக்கு சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

தென் கரோலினாவில் கடுகுச் சாஸுக்குப் பெயர்பெற்ற பிகி பார்க் உணவகங்களின் உரிமையாளரோ, இனங்கள் கலந்து உண்பது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று வாதிட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை அற்பமானது என ஒதுக்கியது. அதே மனிதர் 2000இல் தம் கடைகளில் பழைய அடிமை மாநிலங்களின் கொடியை ஏற்றியபோது, பல அங்காடிகள் அவருடைய சாஸ் புட்டிகளை அடுக்குகளிலிருந்து அகற்றின.

எது சிறந்தது என்று கேட்பவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். கொழுப்பு மிகுந்து நெடுநேரம் வேகும் இறைச்சிக்குப் பொடி போதும். முழுப் பன்றியின் கொழுப்பைக் காடியின் புளிப்பு அறுத்துத் தரும். இனிப்புச் சாஸை விரும்புவோர் இறுதியில் பூசிக்கொள்க. ஊர்ப்பெயர் சொல்லிப் பெருமை பேசும் ஒவ்வொரு செய்முறைக்குப் பின்னும் விடியவிடியத் தணலருகே விழித்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்கு, தாம் வாட்டியதை மேசையில் அமர்ந்து உண்ணும் உரிமை 1964 வரை இல்லை. பொடியையும் சாஸையும் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுதுவது முறையாகாது.