ஈராக்: படை போனது, குண்டுகள் ஓயவில்லை

அமெரிக்காவின் கடைசிப் போர்ப்படைப் பிரிவு 2010 ஆகஸ்ட் 19 அன்று ஈராக்கிலிருந்து குவைத் எல்லையைக் கடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் பாக்தாதில், ராணுவ வேலைக்காக வரிசையில் நின்றவர்களிடையே ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகஸ்ட் 25 அன்று மோசுல், கூத், பஸ்ரா என்று பல நகரங்களில் ஒரே நாளில் தாக்குதல்கள். பெரும்பாலும் குறி போலீசார் மீதே.

காவலைப் பொறுப்பேற்க அப்போது புதிய அரசும் இல்லை. மார்ச் தேர்தலில் இயாத் அல்லாவி அணிக்கு 91 இடம், நூரி அல்மாலிகி அணிக்கு 89. பேரம் டிசம்பர் வரை நீண்டது.

'போர்ப்படை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும்: பயிற்சி, உதவி என்ற பெயரில் சுமார் 50,000 அமெரிக்க வீரர்கள் தங்கினர். அவர்களில் கடைசி அணி 2011 டிசம்பர் 18 அன்று வெளியேறியது. நான்கே நாளில் பாக்தாதில் தொடர் குண்டுவெடிப்பு. 60-க்கும் மேற்பட்டோர் பலி.