ஒரே அண்டாவில் ஊற்றிய கூழ்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற வழியில் இருக்கிறது கம்மாபுரம். பக்கத்திலேயே நெய்வேலி சுரங்கங்கள். அதைத் தாண்டினால் வடலூர். இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் ஊர்ப் பொதுச்சமையலின் வரலாறு ரெண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, வருஷத்துக்கு ஒருமுறை ஆடியில் எரிகிற அடுப்பு. இன்னொன்று, 1867லிருந்து அணையாத அடுப்பு.

முதலில் ஆடி அடுப்பு. கூழ் ஊத்துறதை இந்தப் பக்கம் 'சாகை வார்த்தல்' என்றும் சொல்வார்கள். முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, அதில் மாவை ஊற்றி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறணும். ஆறினதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம். தொட்டுக்க முருங்கைக்கீரை, சில வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

இந்தக் கேழ்வரகே நம்ம ஊர்ப் பயிர் கிடையாது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதலில் பயிரான தானியம். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்து, வந்தது தெரியாத அளவுக்கு அம்மன் படையலாகவே ஆகிவிட்டது.

ஏன் ஆடி? அம்மன் மாதம், அம்மை வராமல் இருக்க வேண்டுதல் என்பார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு. ஆடி விதைக்கிற மாதம். பழைய அறுவடை குதிரின் அடிக்கு வந்திருக்கும், புது அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். வீட்டில் தானியம் குறைகிற நேரத்தில் பார்த்துதான் ஊர் கூடிக் கூழ் காய்ச்சுகிறது.

முறையைக் கவனியுங்க. வீட்டுக்கு வீடு காய்ச்சின கூழை, வேப்பிலை கட்டின குடத்தில் கோவிலுக்குச் சுமந்து வந்து ஒரே அண்டாவில் ஊத்துறாங்க. ஊத்தின பிறகு யார் வீட்டுக் கூழ் கெட்டி, யார் வீட்டுது தண்ணி என்று அண்டாவுக்குத் தெரியாது. ஒரு சொம்பு கொண்டு வந்தவரும் வயிறு நிறையக் குடிக்கலாம். அவர் யாரிடமும் கை நீட்டவில்லை, அவரும்தானே ஊத்தினார்! பசியை அவமானம் இல்லாமல் தீர்க்க ஊர் கண்டுபிடிச்ச வழி இது.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி வரலாறுதான். பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கு ஒரு மாரியம்மன், காலனிக்கு ஒரு மாரியம்மன். அண்டாவும் ரெண்டு. யார் குடத்தை அண்டாவுக்குள் விட்டாங்க, யார் குடத்தை விடலை என்று கேட்காமல் 'கூட்டுவாழ்க்கை' என்று பெருமைப்பட முடியாது.

வள்ளலார் அடுப்பு மூட்டினது இந்த இடத்தில்தான். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேட்கக் கூடாது, மதம் கேட்கக் கூடாது. பசியோடு வந்தால் போதும், குடம் கொண்டு வரவேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு மூட்டின அடுப்பு இன்றைக்கும் எரிகிறது.

சரி, அந்த அடுப்புக்கு இடம் எங்கிருந்து வந்தது? பார்வதிபுரம் கிராமத்து மக்கள் எழுதிக் கொடுத்த 80 காணி நிலம். இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கர். சாலையை நிறுத்தினது வள்ளலார்தான், ஆனால் தாங்கினது ஊர். 2024ல் அங்கே பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட அரசு பள்ளம் தோண்டினபோது, பார்வதிபுரத்துக்காரர்கள் 'எங்க முன்னோர் கொடுத்த இடம்' என்று போய் நின்றார்கள். தானம் கொடுத்து ஒன்றரை நூற்றாண்டு ஆச்சு. இருந்தும் அந்த நினைப்பு விட்டுப் போகலை.

நெய்வேலி கதை வேற. 1956ல் நிலக்கரி நிறுவனம் வந்தது. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம் மாறின. மண்ணுக்கடியில் கிடைத்த பழுப்பு நிலக்கரி மின்சாரமானது. கொஞ்சம் 'லெக்கோ' என்ற பெயரில் கட்டியாக விற்பனைக்கு வந்து, வீட்டு அடுப்புகளிலும் எரிந்தது. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நிலத்தை சென்ட் கணக்கில் அளக்கலாம், வீட்டுக்கு விலை போடலாம். ஆடியில் எந்தத் தெரு எந்த அண்டாவில் கூழ் ஊத்தும் என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? குடும்பங்கள் நாலு திசைக்குப் பிரிந்தால் அண்டாவை எடுத்துப் போகலாம், ஊத்துகிற கைகளை எப்படிக் கொண்டு போவது?

அதனால் அடுத்த ஆடியில் கூழ் குடிக்கிறபோது, வீட்டில் பெரியவங்க இருந்தால் மூணு கேள்வி கேளுங்க. உங்க காலத்தில் யார் யார் ஊத்தினாங்க? யாரை ஊத்த விடலை? அண்டா இப்போ எங்கே இருக்கு? பதிலை எழுதி வையுங்க. பட்டா, சிட்டாவில் இல்லாத ஊர் வரலாறு அதில்தான் இருக்கு.